பொம்மை வீரனின் சட்டையில் மடிப்பு எங்கே விழும்?

1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் கடும் போர் நடந்தது. முன்னேறி வந்த ஜப்பானியப் படையைப் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா வீரர்கள் அங்கே எதிர்த்து நின்றார்கள். 8ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கிய வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். புந்தோங்கிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான்.

அந்தச் சீக்கியர்களில் ஒருவரை 1:35 அளவுள்ள பொம்மையாக நீங்கள் வண்ணம் தீட்டுவதாக வைத்துக்கொள்வோம். 175 செ.மீ. உயரமுள்ள மனிதர் உங்கள் கையில் 5 செ.மீ. உயரத்தில் நிற்கிறார். காக்கி நிறத்தை ஒரே சீராகப் பூசிப் பாருங்கள். துணி உடுத்தியவர் போல இருக்கமாட்டார். களிமண்ணில் பிடித்து வைத்தது போல இருப்பார். ஏன்?

நிழல் எங்கே போனது?

வானத்தில் சூரியனின் அகலம் நம் கண்ணுக்கு அரைப் பாகைதான். அதனால் வெயிலில் நிழல் கூர்மையாக விழும். உங்கள் மேசைக்கு 2 மீட்டர் மேலே 1.2 மீட்டர் நீளக் குழல் விளக்கு இருந்தால், அது நீளவாக்கில் சுமார் 33 பாகைக்குப் பரவியிருக்கும். ஒரு பக்கம் விழும் நிழலை மறுபக்கத்து ஒளி அழித்துவிடும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மிச்சத்தையும் கரைத்துவிடும். போதாததற்கு, அச்சில் வார்த்த மடிப்புகளின் ஆழமும் குறைவு. ஆகவே வெயில் செய்யும் வேலையை உங்கள் தூரிகை செய்ய வேண்டும்.

ஒரு சோதனை

மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து 10 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். கச்சாங் பூத்தே வாங்கிய தடித்த உறையிலும் அதேபோல் ஒன்று வெட்டுங்கள். குறுகிய முனைகள் இரண்டையும் அடிக்கோல்களில் ஒட்டி இழுங்கள். சுருக்கங்கள் இழுக்கும் திசையிலேயே ஓடும். மெல்லிய துண்டில் அவை நெருக்கமாகவும், தடித்ததில் அகன்றும் இருக்கும்.

சென்னை ஐஐடியில் படித்து, இப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும், சிலி நாட்டு அறிவியலாளர் என்ரிக்கே செர்தாவும் 2003இல் இதற்கு ஒரு விதி கண்டார்கள். ஒரே நீளமும் ஒரே அளவு இழுவிசைத் திரிபும் இருந்தால், தடிமன் நான்கு மடங்காகும்போது சுருக்கங்களின் இடைவெளி இரண்டு மடங்காகும். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2007இல் இவர்களுக்குக் கிடைத்தது.

துணி, பிளாஸ்டிக் போல ஒரே படலம் அன்று. நூலிழைகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். ஆனாலும் மெல்லிய துணியில் நெருங்கிய மடிப்பு, தடித்த துணியில் அகன்ற மடிப்பு என்ற போக்கு மாறாது.

இனி தூரிகையை எடுங்கள்

நம் வீரரின் தலைப்பாகை மெல்லிய துணி, இழுத்துச் சுற்றியது. சுற்றும் திசையிலேயே நெருக்கமான மெல்லிய கோடுகள் போடுங்கள். சட்டையும் கால்சட்டையும் தடித்த பருத்திக் காக்கி. அங்கே மடிப்புகள் குறைவாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். நிஜத்தில் 3.5 செ.மீ. அகல மடிப்பு பொம்மையில் 1 மி.மீ. வரும். தலைப்பாகையில் போட்ட கோடுகளையே சட்டையிலும் போட்டால் காக்கி பட்டாக மாறிவிடும்.

இழுபடும் இடங்களைத் தேடுங்கள். அக்குள், பொத்தான், இடைவார் ஆகியவற்றிலிருந்து மடிப்புகள் விசிறி போல விரியும். மடக்கிய முழங்கையின் உட்புறத்தில் துணி நெருக்குண்டு குறுக்காக மடியும்.

முதலில் இடைநிறத்தைப் பூசிக் காயவிடுங்கள். அறையை இருட்டாக்கி, பொம்மையின் தலைக்கு மேல் ஒரே ஒரு சிறிய கைவிளக்கைப் பிடித்துக் கைப்பேசியில் படமெடுங்கள். இருண்ட இடங்களில் அடர்பழுப்பு கலந்த காக்கியை நீர்க்கப் பூசுங்கள், கறுப்பு வேண்டாம். மடிப்பின் மேல்முகட்டில் வெளிர்மஞ்சள் கலந்த காக்கியை மெல்லத் தடவுங்கள். வெறும் வெள்ளை சுண்ணாம்பு போலத் தெரியும்.

எந்த மடிப்பிலாவது ஐயம் வந்தால், அதே போன்ற தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று கையை மடக்குங்கள். துணியை இழுப்பது எது, நெருக்குவது எது என்று சொல்ல முடிந்தால் அந்த மடிப்பைத் தீட்டுங்கள். சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.