மொசார்ட் காலத்தில் நமக்கு ஓர் இசை நாடகம்

கேள்வி: மொசார்ட் ஓப்பரா எழுதிய நாட்களில் தமிழிலும் அப்படி யாராவது இருந்தார்களா?
– வாசகர் ஒருவர், மொனராகலை

பதில்: இருந்தார். சீர்காழி அருணாசலக் கவிராயர். 1711இல் தில்லையாடியில் பிறந்தவர்; தருமபுரம் ஆதீனத்தில் படித்தவர். பிழைப்புக்குக் காசுக்கடை நடத்தினார். பின்பு சீர்காழியில் குடியேறினார். 1779இல் அவர் மறைந்தபோது மொசார்ட்டுக்கு 23 வயது.

அவருடைய ‘இராம நாடகக் கீர்த்தனை’ கம்பனின் கதையை முழுக்கப் பாட்டாக்கியது. விருத்தம் கதையை நகர்த்தும். தரு என்னும் பாட்டு பாத்திரத்தைப் பேச வைக்கும். மிதிலையில் மாடத்தில் நிற்கும் சீதையை இராமன் காணும் இடத்தைப் பாருங்கள். கம்பனில் இருவர் கண்களும் சந்திப்பதைக் கவிஞன் சொல்கிறான். கவிராயரிடம் இராமனே வியந்து கேட்கத் தொடங்கிவிடுகிறான், இவள் யாரென்று. வருணனை நாடகமாகும் இடம் அதுதான். எனக்கு இந்நூலில் மிகப் பிடித்ததும் அதுவே.

பாட்டுகளுக்கு இசை அமைப்பதில் அவருடைய சீடர்கள் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் துணை நின்றார்கள். அரங்கேற்றம் திருவரங்கத்தில். பழைய மெட்டுகள் பல வழக்கொழிந்துபோக, பிற்காலத்தில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் சில பாடல்களுக்குப் புது மெட்டு அமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் தனித்தனிக் கீர்த்தனையாகக் கேட்டால் கதையின் ஓட்டம் கிடைக்காது. மாசியில் உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர் நீங்களென்றால், இந்த நூலை முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பாட்டாலேயே கதை நடப்பது உங்களுக்குப் புதிதாக இராது.