டாப் லைனிங் தொங்கினால்...



எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிற நாம், காரில் ஏறி உட்கார்ந்தால் தலைக்கு மேலே இருக்கும் டாப் லைனிங்கைப் பற்றி எதுவும் படிப்பதில்லை. "அது குஷன் கடைக்காரர் வேலைதானே!" என்று நானும்தான் நினைத்திருந்தேன். போன வருடம் தீபாவளி லீவில் நான் பட்ட பாடு அந்த எண்ணத்தை மாற்றியது. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் தாய்மாமாவிடம் 1986 மாடல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. தாத்தா நெல் விற்ற காசில் வாங்கியது. தாத்தா இப்போது இல்லை. 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோன பிறகும் மாமா அதை விற்கவில்லை. தை மாதம் மாமா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு தாத்தா வண்டியில்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. லைனிங்கோ தையல் விட்டு, பின்சீட்டில் இருப்பவர் தலையில் இடிக்கும் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிற மாப்ளே, நீயே பாத்துடேன்" என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிளேடை எடுத்துப் பழைய லைனிங்கைக் கிழித்துக் கொல்லையில் எறிந்தேன். கம்பிகளை உருவி ஒரே கட்டாகக் கட்டினேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, ஷெட்டுக்குள் புது ரெக்சினைக் குத்துமதிப்பாக வெட்டி, சீட் கவர் ஒட்டும் ரப்பர் பசையைத் தடவி ஒட்டினேன். மறுநாள் காலை அத்தனையும் சீட்டின்மேல் விழுந்து கிடந்தது! ரெக்சின் வாங்கிய பணமும் போச்சு. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

கீழவாசல் பக்கம் குஷன் வேலை பார்க்கும் ஒரு மாஸ்டரிடம் போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய லைனிங் எங்க தம்பி?"

"குப்பையில போட்டுட்டேன் மாஸ்டர்."

"அதுதான் தம்பி உன் டிராயிங். டிராயிங்கைக் கிழிச்சிப் போட்டுட்டு வேலை பாத்தா எப்படி?"

வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். நல்ல வேளை, அம்மாச்சி அந்தத் துண்டுகளைப் பொறுக்கி விறகுக்கு மேல் மூடி வைத்திருந்தார். "தாத்தா வண்டியோடதுடா, எப்படித் தூக்கிப் போடுறது?" என்றார். முக்கால்வாசி கிடைத்தது. மீதியை மாஸ்டர் காகிதம் வைத்து அளவெடுத்தார். அவரிடம் நான் கற்ற பாடங்கள் இவை.

1. அமைப்பு: இவ்வகைப் பழைய வண்டிகளில் லைனிங் கூரையில் ஒட்டப்படுவதில்லை, தொங்கவிடப்படுகிறது. ரெக்சின் துண்டுகளைக் குறுக்கே தைத்து, தையலின் மேல்பக்கம் நீளமாக ஒரு பை விட்டு, அதில் வளைந்த கம்பியைச் செருகுவார்கள். கம்பியின் இரு முனைகளும் கூரையின் பக்கச் சட்டத்தில் உட்காரும். ஓரங்கள் மட்டும் இழுத்து ஒட்டப்பட்டு, பீடிங்குக்கும் கண்ணாடி ரப்பருக்கும் அடியில் மறையும். கூரையின் வளைவு இடத்துக்கு இடம் மாறுவதால் கம்பிகளும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே கழற்றும்போதே முன்னாலிருந்து 1, 2, 3 என்று எண் போட்டு, இடது வலதும் குறிக்க வேண்டும்.

2. காரணம் அறிதல்: லைனிங் இற்றுப்போக மேலே நீர்க்கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூரையில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாம். எங்கள் வண்டியில் மழைநீர்க் காடியின் இணைப்பு விட்டிருந்தது, உள்ளே துரு. கசிவை அடைத்து, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த வேலை.

3. பசையும் ஈரமும்: நான் தோற்றது இங்கேதான். இந்தப் பசையை இரு பரப்பிலும் தடவி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும் வரை, சாதாரணமாக 10 முதல் 15 நிமிடம், காத்திருந்து பிறகே அழுத்த வேண்டும். விரலால் தொட்டால் பசை விரலோடு வரக்கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல, மழைக்கால ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பசைமேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். பிறகு எப்படி ஒட்டும்? ஆகவே மார்கழிக் கடைசியில் மழை விட்ட ஒரு நாளில், பனி விலகி 11 மணிக்கு மேல் வேலையைத் தொடங்கினோம்.

4. இழுவை: ரெக்சினைச் சற்று நேரம் வெயிலில் போட்டால் இளகிக்கொடுக்கும். முதலில் கம்பிகளை மாட்டி, முன்னும் பின்னும் நடுவிலிருந்து இழுத்து ஒட்டி, அதன் பிறகே பக்கங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் தையல் கோணலாகிவிடும்.

5. பாதுகாப்பு: உள்விளக்கு வயர் லைனிங் வழியாக வருவதால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பசையின் ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு. எல்லாக் கதவுகளும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது.

பிற்கால வண்டிகளில் அச்சில் வார்த்த அட்டைமேல் ஃபோம் வைத்த துணி ஒட்டப்பட்டிருக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த பாலியூரித்தேன் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்வதால்தான் துணி தொங்குகிறது. அதே துணியை மீண்டும் ஒட்டுவது வீண். அட்டையைக் கழற்றி, பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி, ஃபோம் வைத்த புதுத் துணியை ஒட்ட வேண்டும்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று பின்சீட்டில் ஏறிய அம்மாச்சி, முதலில் கையை உயர்த்தி லைனிங்கைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்குடா" என்றார். எந்த மார்க்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

நண்பர்களே, எந்தப் பழைய பொருளையும் கழற்றும் முன் குறித்து வையுங்கள். புதியது பொருந்தும் வரை பழையதை எறியாதீர்கள். நாம் வாங்கப்போகும் டிப்ளமோவோடு இந்தப் பழக்கமும் சேரட்டும்!