ஆறு பேர் பார்க்கும் லைவ்

யூடியூபில் மொபைல் கேம் லைவ் போடுகிறேன். பார்ப்பவர்கள் ஆறு பேர். அதில் இருவர் சித்தி பிள்ளைகள். வருமானம் வர என்ன செய்வது?
– வாசகர், தென்காசி

சித்தி பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், தம்பி. சாட்டில் பேச்சு ஓடினால்தான் புதிதாக எட்டிப்பார்ப்பவர் நிற்பார். யாருமே இல்லாவிட்டாலும் ஆடிக்கொண்டே பேசுங்கள்.

முதல் இலக்கு 500 சந்தாதாரர்கள். 90 நாட்களில் 3 பொது வீடியோக்களும், 12 மாதங்களில் 3,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் சூப்பர் சாட், மெம்பர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். விளம்பர வருமானத்துக்கு 1,000 பேர், 4,000 மணி நேரம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் இரண்டு மணி நேரம் பார்த்தால் 12 மணி நேரம். 3,000 சேர 250 லைவ் வேண்டும்! அதனால் லைவ் முடிந்ததும் பதிவை அழிக்காதீர்கள், பிரைவேட்டும் ஆக்காதீர்கள். பொதுவில் இருந்தால்தான் அந்த நேரம் கணக்கில் சேரும். விறுவிறுப்பான பத்து நிமிடத்தை வெட்டி, "இந்த லெவலை முடிப்பது எப்படி" என்பதுபோல் தலைப்பிட்டுத் தனி வீடியோவாகப் போடுங்கள். நீங்கள் தூங்கும்போதும் அது மணி சேர்க்கும். ஷார்ட்ஸ் ஆள் பிடிக்கும். ஆனால் ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இதில் சேராது.

தினமும் வேண்டாம். செவ்வாய், வெள்ளி இரவு எட்டு மணி என்றால், எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். "நீ சப்ஸ்கிரைப் செய், நானும் செய்கிறேன்" வியாபாரம் மட்டும் கூடவே கூடாது. யூடியூப் விதிப்படி அது தப்பு, வந்தவர்களும் லைவ் பார்க்க மாட்டார்கள்.