மரவேலை பழகப்போறியா? மூட்டு வெட்டும் முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

சின்னதா ஒரு ஸ்டூல், ஒரு ஷெல்ஃப் நம்ம கையாலயே பண்ணணும்னு ஆசை வந்திருக்கு. நல்ல ஆசை. ஆனா ரெண்டு கட்டையை ஒட்டவெச்சு நாலு ஆணி அடிச்சு ஒப்பேத்துற வேலை மட்டும் வேண்டாம். மரம் மழைக்காலத்துல ஈரம் குடிச்சு உப்பும், வெயில்ல சுருங்கும். அந்த இழுபறியில ஆணி தளர்ந்து ஸ்டூல் ஆட ஆரம்பிச்சிடும். மரத்தையே மரம் கவ்விப் பிடிக்கிற மூட்டுதான் நிக்கும்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. மூட்டு பெரும்பாலும் ரம்பத்தால கெடுறது இல்ல. கோடு போடுறப்பவே கெட்டுடும், இல்லன்னா மொண்ணை உளியால கெடும். அதனால அந்த ரெண்டையும் பத்திதான் நிறைய சொல்லப்போறேன். அவசரத்துல தாண்டிப் போயிடாதே.

1. தேக்குல கை வைக்காதே. பழகுறதுக்கு எதுக்கு அவ்வளவு காசு? சாமில்ல சில்வர் ஓக், பைன் வெட்டுத்துண்டு கேளு. முடிச்சு இருக்கிற துண்டு, வளைஞ்ச துண்டு வேண்டாம். பேக்கிங் பேலட் கட்டை கிடைச்சா அதுல குத்தியிருக்கிற முத்திரையைப் பாரு. எச்.டி.ன்னு இருந்தா சூடேத்திப் பதப்படுத்தினது, எடுத்துக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதே. முத்திரையே இல்லாததையும் விட்டுடு.

2. பெட்டி நிறைய கருவி வாங்காதே. இவ்வளவு போதும்:
- 6, 12, 25 மி.மீ. உளி ஒவ்வொண்ணு
- மரக் கொட்டாப்புளி (இரும்புச் சுத்தியலால அடிச்சா உளிப்பிடி பிளந்துடும்)
- பல் நெருக்கமா இருக்கிற கைரம்பம்
- மூலைமட்டம், மார்க்கிங் கேஜ் (விளிம்புலேருந்து ஒரே தூரத்துல கோடு கீறுறது), கூர்க்கத்தி
- ரெண்டு கிளாம்ப்

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிச்சு வாங்கு. நேர் விளிம்புள்ள பலகையில வெச்சு ஒரு கோடு கிழி. அப்புறம் மட்டத்தை மறுபக்கமாத் திருப்பி, அதே இடத்துல இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா வாங்கு. விரிஞ்சா வெச்சுட்டு வந்துடு. கடைக்காரர் முகத்தைப் பாக்காதே.

3. புது உளி கூரா இருக்கும்னு நம்பாதே. அப்படியே வேலைக்கு எடுக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மொண்ணை உளிதான் கையை வெட்டும், ஏன்னா அதை நீ முக்கித் தள்ளுவே, அது வழுக்கும். சாணைக்கல் இல்லையா? தடிமனான கண்ணாடித் துண்டு மேல வாட்டர் பேப்பர் ஒட்டிக்கோ. 400, 1000, 2000ன்னு வரிசையாப் போ. முதல்ல உளியோட தட்டைப் பக்கம், நுனிகிட்ட ஒரு அங்குலம் மட்டும் வழவழன்னு ஆகட்டும். அப்புறம் சரிவுப் பக்கத்தை 25 டிகிரி மாறாம தேய். பைன் கட்டையோட வெட்டுமுகத்தை, அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முனையைச் சீவிப் பாரு. நார் கிழியாம பளபளன்னு வந்தா கூர் ஏறிடுச்சு. மாவு மாதிரி உதிர்ந்தா இன்னும் தேய்.

4. பென்சிலை ஓரமா வை. பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு, அந்த இடைவெளிதான் பின்னாடி மூட்டுல சந்தாத் தெரியும். கத்தியால கீறு. கீறல்ல உளி தானா வந்து உக்காரும். வெட்டி எறியப்போற பக்கத்துல உடனே ஒரு பெருக்கல் குறி போட்டுடு. ரம்பம் எப்பவும் அந்தப் பக்கம்தான் ஓடணும். கோட்டு மேல ஓட்டினே, மூட்டு லொடலொடன்னு ஆயிடும்.

5. முதல் மூட்டு குறுக்கு ஹாஃப் லேப்தான். வேற எதுவும் வேண்டாம். ஒரே அளவுல ரெண்டு கட்டை, பாதிக்குப் பாதி வெட்டி, கூட்டல் குறியாக் கோக்கிறது. சூடான பாத்திரம் இறக்கிவைக்க உதவும், அதனால பழகின துண்டும் வீணாகாது.

ஸ்கேல் எடுக்காதே. ஒரு கட்டையை இன்னொண்ணு மேல மட்டம் பாத்து வெச்சு, அதோட அகலத்தையே கத்தியால கீறிக்கோ. அளக்காத இடத்துல அளவுத் தப்பு வராது. ஆழத்துக்கு மார்க்கிங் கேஜைக் குத்துமதிப்பாப் பாதியில வெச்சு, கட்டையோட மேல்பக்கத்துலேருந்து ஒரு புள்ளி, கீழ்ப்பக்கத்துலேருந்து ஒரு புள்ளி குத்து. ரெண்டு புள்ளியும் ஒண்ணாகிற வரைக்கும் கேஜை நகர்த்து. அதுதான் சரியான பாதி.

இப்போ ரெண்டு கோட்டுக்கு உள்பக்கமா ரம்பம் போடு. நடுவுல இன்னும் மூணு நாலு வெட்டு போட்டா உளிக்கு வேலை சுலபம். உளியை ஒரு பக்கத்துலேருந்து நடு வரைக்கும் மட்டும் தள்ளு. கட்டையைத் திருப்பி, மறுபக்கத்துலேருந்து நடுவுக்கு வா. ஒரே பக்கமாக் கடைசிவரை தள்ளினா அந்த ஓரம் பிய்ஞ்சு வந்துடும். கட்டையைக் கிளாம்ப்ல பூட்டு. ரெண்டு கையும் உளிமுனைக்குப் பின்னாடிதான் இருக்கணும். இதை மட்டும் மறந்தேன்னா அக்காவுக்குக் கெட்ட கோபம் வரும்.

கையால அழுத்தினா இறங்கணும். கொட்டாப்புளியால ஓங்கி அடிச்சாத்தான் இறங்கும்னா மரம் பிளந்துடும். எங்க இடிக்குதுன்னு பாத்து அங்க மட்டும் சீவு.

6. அது கைக்கு வந்ததும் பொளியும் கழுந்தும். பொளின்னா ஒரு கட்டையில தோண்டுற துளை, கழுந்துன்னா அதுக்குள்ள நுழையுற இன்னொரு கட்டையோட நாக்கு. ஸ்டூல் கால் நிக்கிறது இதாலதான். பொளியோட அகலம் கட்டைத் தடிமன்ல மூணுல ஒரு பங்கு. 18 மி.மீ. கட்டைன்னா 6 மி.மீ. உளி அப்படியே பொருந்தும். பொளியை முதல்ல தோண்டிடு, அப்புறம் கழுந்தை அதுக்கேத்த மாதிரி சீவு. கழுந்தைச் சீவுறது சுலபம், துளையைச் சீர்பண்றது நரகம்.

7. ஃபெவிகால் தடவும் முன்னாடி ஒருதடவை வெறுமனே கோத்துப் பாரு. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிடும், அங்க பிடிப்பு கிடைக்காது. நார் ஓடுற பக்கமும் நார் ஓடுற பக்கமும் சேர்ற இடத்துலதான் பசை இறுகும். பிதுங்கினதை ஈரத்துணியால தேய்க்காதே, பசை கரைஞ்சு மரத்துக்குள்ள இறங்கி பாலிஷ் போடுறப்போ திட்டுத்திட்டாத் தெரியும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் பழைய உளியால சுரண்டு. கிளாம்ப் போட்டதும் சட்டம்னா ரெண்டு மூலைவிட்டமும் ஒரே அளவான்னு டேப் வெச்சுப் பாரு, கோணல் இருந்தா பசை காயுறதுக்குள்ள தட்டிச் சரிபண்ணிடு.

8. புறாவால் மூட்டு, அதான் டவ்டெயில், வீடியோல பாக்க அழகாத்தான் இருக்கும். இப்போ வேண்டாம். டிராயர் பண்ற காலம் வரட்டும். இந்த வாரம் ஒரே ஒரு ஹாஃப் லேப் வெட்டு, அடுத்த வாரம் அதையே திரும்ப வெட்டு, பசை போட்டதை ஒரு நாள் முழுக்கத் தொடாதே.