மலைச்சரிவும் மாந்தர் கடனும்



மழைக்கு ஏங்கும் வடகரப்பதியில் இருந்துகொண்டு, மழையால் மாண்டோரைப் பற்றிப் பாடம் எழுதுவது எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். மேற்குமலைத் தொடர் கடற்காற்றைத் தடுத்து, உயரத்தே ஏற்றிக் குளிர்வித்து, தன் மேலைச் சரிவிலே மழையாகக் கொட்டச் செய்கின்றது. கீழைப் புறத்தே உள்ள நாமோ கிணற்றையும் தண்ணீர் வண்டியையும் எதிர்நோக்கி நிற்கின்றோம். ஒரே இடவப்பாதி நமக்குப் போதாமலும், இடுக்கி மலையிலே கொழுந்தெடுக்கும் தமிழர்க்கு மிகையாகவும் பெய்கின்றது. ஆகலின் அவர்தம் துக்கம் நமக்கு அயலானதன்று.

பகவன் புத்தர் துக்கத்தை ஆராயும் முறையை நான்காக வகுத்தருளினார். அம்முறையிலேயே இப்பாடத்தையும் நடத்துவோம்.

முதலாவது: துக்கம்

2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு 19 வரையில் கேரளத்திலே வழக்கத்தினும் 42 விழுக்காடு மிகுதியாக மழை பெய்தது. செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகட்குப் பின் திறக்கப்பட்டன. மாண்டோர் நானூற்றுக்கும் மேற்பட்டோர். முகாம்களில் ஒதுங்கியோர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இரண்டாண்டு சென்று, 6.8.2020 இரவு, மூணாற்றுக்கு அப்பால் இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் உறங்கிய லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவருள் 66 பேரின் உடல்களே கிடைத்தன. நால்வர் இன்றளவும் மண்ணோடு மண்ணாயினர். கிடைத்தவர்களை இராசமலையில் ஒருசேர அடக்கம் செய்தனர். பெரும்பாலார் தென்பாண்டிச் சீமையிலிருந்து தலைமுறைகட்கு முன்னே பிழைக்கப்போன தமிழ் ஏழை மக்கள்.

இரண்டாவது: காரணம்

இதனை விதி என்றனர் சிலர். தெய்வக் குற்றம் என்றனர் வேறு சிலர். 2018 வெள்ளத்தை ஒரு கோயில் வழக்கின்மேல் ஏற்றிப் பேசினோரும் உண்டு.

யான் இளமையில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். ஒரு தை மாதத்தில், ஓர் இளம்பெண் பார்த்த பக்கத்தில் மட்டும் இழை அறுந்துகொண்டே இருந்தது. “அவள் கைக்கு ராசியில்லை” என்றார் மேஸ்திரி. அரைநாள் கூலியும் பிடிக்கப்பட்டது. முதிய பிட்டர் ஒருவர் வந்து சன்னலைக் காட்டினார். கண்ணாடி உடைந்திருந்தது, கணவாயின் வறண்ட காற்று அவ்வழியே புகுந்து பஞ்சின் ஈரத்தை உறிஞ்சிற்று. சன்னலை அடைத்ததும் இழை நின்றது. ராசி என்ற ஒரு சொல், உடைந்த சன்னலை எத்தனை நாள் மறைத்து வைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! விதி என்னும் சொல்லும் அத்தகையதே.

பெருமழை ஒரு காரணம். அதனை யாரும் தடுத்திருக்க இயலாது. ஆனால் ஒரு காரணத்தால் மட்டும் ஒரு பயன் விளைவதில்லை. மலையடியில் லயம் நின்றது ஒரு காரணம். வேலை உள்ளவரைதான் லயம், வேலை ஓய்ந்தால் வீடும் இல்லை என்னும் நிலையால் தொழிலாளி வேறிடம் செல்ல வழியற்றிருந்தது மற்றொன்று. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது. 2018 வெள்ளம் பெரியவரைப் பாலத்தைச் சிதைத்தது. அதற்கு மாற்றாக இட்ட தற்காலிகப் பாலமும் பழுதுற, மீட்போரின் வண்டிகள் தடைப்பட்டன. இவற்றுள் எது வானத்திலிருந்து பெய்தது?

மலை முன்னரே எச்சரிக்காமலும் இல்லை. 1924இல் நேர்ந்த வெள்ளம் மூணாற்றைச் சிதைத்துக் குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையையும் அழித்தது. இலங்கையிலே பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 29.10.2014 அன்று இவ்வாறே தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் அரசின் ஆய்வு நிறுவனம் எச்சரித்திருந்தது. ஏட்டில் எழுதிய எச்சரிக்கை கூரையாகாது.

மூன்றாவது: நீக்கம்

மழையை நீக்க இயலாது. மரணத்தைக் குறைக்க இயலும். காரணங்களுள் ஒன்றை அகற்றினாலும் விளைவு மாறும். லயம் பாதுகாப்பான இடத்தில் இருந்திருப்பின், அன்றிரவு சரிந்த மண் வெறும் மண்ணாகவே கிடந்திருக்கும்.

இங்கே ஓர் அன்பர் என்னை மறித்தார்: “நம் மணிமேகலையிலேயே, இந்திர விழாவை மறந்தமையால் தெய்வச் சினம் மூண்டு காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்றிருக்கிறதே?” ஆம், இருக்கிறது. அஃது ஊரிழந்த மக்களின் துயரம் கூறிய காரணம். ஆயினும் அச்செய்தியைக் கேட்ட மணிமேகலை என்ன செய்தாள்? விழாவெடுக்கப் புறப்பட்டாளா? அமுதசுரபியை ஏந்திப் பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்குச் சென்று பசித்தோர்க்கு உணவளித்தாள். நாம் பின்பற்றத்தக்கது அவள் செய்கையே.

நான்காவது: மார்க்கம்

அரிசியும் ஆடையும் அனுப்புதல் தானம், அது செய்க. ஆனால் அதனோடு நின்றுவிடற்க. மலையிலே உறவினர் உடையோர் மழைக்காலத்திற்கு முன்பே அவர்கட்கு இவற்றைக் கூறுக:

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றினும், மரங்கள் சாயினும், ஓடை திடீரெனக் கலங்கினும், மழை பெய்யும்போதே நீர் வற்றினும், மலை அசையத் தொடங்கிற்று என அறிக. சிவப்பு எச்சரிக்கை என்பது ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பதாகும். அந்நாளில் பொழுது சாயுமுன்பே வெளியேறுக. பெட்டிமுடி புதைந்தது இரவில், 30.7.2024 அன்று வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்ததும் விடியுமுன்னரே. மாவட்ட அவசரத் தொலைபேசி எண் 1077. அதனைக் குழந்தைகட்கும் கற்பிக்க. பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு வேண்டும் என்று தொழிலாளர் கேட்பராயின், அது பிச்சையன்று, உயிருரிமை என்று அவரோடு சேர்ந்து நாமும் கேட்போமாக.

கூடிப் படிப்போர் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. பெட்டிமுடித் துயரத்தின் காரணங்களுள் மனிதர் மாற்றக்கூடியவை எவை?

2. நம் ஊரிலே “ராசி”, “விதி” என்னும் சொற்கள் எந்த உடைந்த சன்னலை மறைத்துக்கொண்டிருக்கின்றன?

3. வரும் இடவப்பாதிக்கு முன் நம் சங்கம் செய்யத்தக்க ஒரு செயல் யாது?

மூன்றாவது வினாவுக்கு விடையைச் சொல்லால் அன்று, செயலால் எழுதுக.

எல்லா உயிர்களும் இன்புறுக.