ஒரு டேப்லெட், நாற்பது பிள்ளைகள்: நெட் இல்லாமலும் பாடம் நடத்தலாம்

தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு டேப்லெட் வழங்கியது. உடனே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு டேப்லெட் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வகுப்பில் இருப்பது பெரும்பாலும் ஆசிரியரிடம் உள்ள ஒன்றுதான். அதற்கும் எல்லா இடங்களிலும் இன்டர்நெட் கிடைக்காது. சின்னசேலம் டவுனில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல், கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறும்போது விட்டு விட்டு வரும். மலைக் கிராமங்கள் சிலவற்றில் சுத்தமாக இருக்காது.

இங்குதான் வீட்டில் உள்ள கம்ப்யூட்டர் உதவுகிறது. நெட் உள்ள இடத்தில் பாடத்திற்கு வேண்டியதை டவுன்லோட் செய்து, டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் வகுப்பில் நெட்டே தேவையில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஆசிரியர்கள் இதை ஒரு மாலை நேரத்தில் பழகிவிடலாம். பெற்றோர்களும் பிள்ளைகளுக்குச் செய்து தரலாம். ஆறாம் வகுப்பு அறிவியலில் இரண்டாம் பருவத்தில் வரும் "மின்னியல்" பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் பாடநூலையே பாருங்கள். 2018ல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடங்களுக்கு இடையே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக க்யூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். டேப்லெட்டில் "தீக்ஷா" அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, அதில் உள்ள ஸ்கேன் ஐகானைத் தட்டி இந்தக் கட்டத்தின் மீது கேமராவைக் காட்டினால் அந்தப் பாடத்திற்கான வீடியோவும் பயிற்சிகளும் கிடைக்கும். அவற்றை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் கேமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கோடுக்கு அருகில் ஆறு எழுத்துக்களும் எண்களும் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். தீக்ஷா இணையதளத்தில் அதை டைப் செய்தாலே போதும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான வீடியோ பாடங்களுக்கு 2023ல் வெளியான "மணற்கேணி" அப்ளிகேஷனும் இருக்கிறது.

ஆனால் வீடியோ மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. நாற்பது பிள்ளைகள் ஒரு சிறிய திரையை எட்டிப் பார்த்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். பார்ப்பதை விடச் செய்து பார்ப்பதற்கு டேப்லெட்டைப் பயன்படுத்தினால்தான் பலன் அதிகம்.

இதற்கு ஏற்றது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் "பெட்" சிமுலேஷன்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் தொடங்கியது இது. கூகுளில் பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து தேடினால் இந்தத் தளம் கிடைக்கும். அதில் "சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட் டிசி" என்பதைத் திறந்து, மொழிபெயர்ப்புகள் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலப் பதிப்பே போதும். படிப்பதற்கு அதிகம் இல்லை, எல்லாம் படங்கள்தான்.

அதை டவுன்லோட் செய்தால் எச்டிஎம்எல் ஃபைல் ஒன்று கிடைக்கும். யூஎஸ்பி கேபிள் மூலம் டேப்லெட்டின் டவுன்லோட் ஃபோல்டருக்குக் காப்பி செய்துவிடுங்கள். பிறகு டேப்லெட்டை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அந்த ஃபைலை குரோம் பிரவுசரில் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். வகுப்பில் போய் "லோடிங்" என்று சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் கவனம் போய்விடும்.

திரையில் பேட்டரி, பல்பு, ஒயர், ஸ்விட்ச் எல்லாம் இருக்கும். விரலால் இழுத்து இணைத்தால் பல்பு எரியும். ஒரே வரிசையில் இரண்டு பல்புகளை இணைத்தால் வெளிச்சம் குறையும். அவற்றையே பக்க இணைப்பில் போட்டால் இரண்டும் பிரகாசமாக எரியும். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் சேர்த்தால் திரையில் தீப்பற்றும்! பிள்ளைகள் இதைத்தான் முதலில் செய்வார்கள், செய்யட்டும். ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்பது அப்போது மறக்காது. ஆனால் வீட்டு பிளக்கில் இதைச் செய்து பார்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நாற்பது பேருக்கு ஒரு டேப்லெட்டை எப்படிக் கொடுப்பது? எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு டேப்லெட்டில் இருக்கும்போது மற்ற குழுக்கள் உண்மையான 1.5 வோல்ட் செல், டார்ச் பல்பு, ஒயர் வைத்துச் செய்து பார்க்கட்டும். எட்டு நிமிடத்திற்கு ஒரு முறை டேப்லெட் அடுத்த குழுவிற்குப் போகலாம். டேப்லெட்டைத் தொடும் முன் "எந்தப் பல்பு அதிகம் எரியும்?" என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரு பிள்ளை மட்டும் விளையாட, மற்ற ஏழு பேர் வேடிக்கை பார்ப்பதை இது தடுக்கும்.

பள்ளியில் கம்ப்யூட்டர் லேபும் நெட்டும் இருந்தால், பாடம் முடிந்ததும் கூகுள் ஃபார்ம்ஸில் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைக்கலாம். செட்டிங்ஸில் "குவிஸ்" என்பதை ஆன் செய்தால் மதிப்பெண்ணை அதுவே போட்டுவிடும். இமெயில் கேட்கும் வசதியை ஆஃப் செய்துவிடுங்கள். பிள்ளைகளின் பெயர், போன் நம்பர், பிறந்த தேதி எதையும் கேட்க வேண்டாம், ரோல் நம்பர் போதும். 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

நெட் இல்லாத பள்ளியில் அதே ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். முந்தின நாள் இரவே டேப்லெட்டை முழுவதும் சார்ஜ் செய்து வைக்கவும் மறக்காதீர்கள். மலைப் பகுதிகளில் காலையில் கரண்ட் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.