தகடு தொலைந்த காபரேட்டர்

அன்புள்ள தம்பி,

கண்டியில் பழைய கார் வேலைக்கு வந்திருக்கிறாய். உன் மேசைக்கு அடிக்கடி வரப்போவது எஸ்.யூ. காபரேட்டர்தான். மொறிஸ் மைனரிலும் மினியிலும் இருப்பது அதுவே. மிதவைக் கிண்ணத்தின் மூடித் திருகாணியில் ஒரு சின்ன அலுமினியத் தகடு மாட்டியிருப்பார்கள். ஏ.யூ.சி. அல்லது ஏ.யூ.டி. என்று தொடங்கும் இலக்கம் அதில் இருக்கும். இத்தனை காலக் கழற்றல் பூட்டலில் முதலில் தொலைவதும் அந்தத் தகடுதான். தொலைந்ததும் பலர் காரைப் பார்த்து, "மைனர்தானே, அப்போ இதுதான்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. காரின் சாட்சியத்தைக் கடைசியாக எடு. காபரேட்டரின் உடலை முதலில் விசாரி.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்துக்கொண்டாலும் 'மைனர்' என்ற பேர் போதாது. 1952இல் வந்த 803 சி.சி. எஞ்சினுக்கு எச்1, 1956இன் 948 சி.சி.க்கு எச்2, 1962இன் 1098 சி.சி.க்கு எச்எஸ்2. இது பிறப்புக் கணக்கு மட்டுமே. இலங்கையில் அறுபதுகளிலிருந்து 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. ஒரு காரின் எஞ்சினும் இன்னொரு காரின் காபரேட்டரும் சேர்ந்துதான் பல வண்டிகள் ஓடின. அதைச் செய்த கராஜ் பாஸ்மாரை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் மாற்றியது எங்கும் எழுதப்படவில்லை. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் உண்டு, காபரேட்டருக்கு ஒரு வரியும் இல்லை.

உடலோ மறைக்காது. மிதவைக் கிண்ணம் அடியில் உலோகக் கையோடு போல்ட்டால் இறுக்கப்பட்டு, பெற்றோல் அந்தக் கைக்குள்ளாலேயே ஜெட்டுக்குப் போனால் அது எச் வகை. கிண்ணத்திலிருந்து ஒரு மெல்லிய நைலோன் குழாய் ஜெட்டின் அடிக்கு வந்தால் எச்எஸ். தனிக்கிண்ணமே இல்லாமல் அடிப்பகுதிக்குள் அடங்கியிருந்தால் எச்ஐஎஃப் ஆகலாம், ஸ்ட்ரோம்பேர்க்கும் ஆகலாம். மேல்மூடியைத் திற, உள்ளே ரப்பர் சவ்வு இருந்தால் அது எஸ்.யூ.வே அல்ல. அடுத்தது துளையின் அளவு. எச், எச்எஸ் இரண்டிலும் கடைசி எண்ணை அங்குலத்தின் எட்டிலொரு பங்காக எடுத்து ஓரங்குலத்தோடு கூட்டு: 1 என்றால் 28.6 மில்லிமீற்றர், 2 என்றால் 31.8, 4 என்றால் 38.1. எச்1க்கும் எச்2க்கும் மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். கண்மதிப்பு அதைப் பிடிக்காது. காற்று நுழையும் வாயில் அளக்காதே, த்ரொட்டில் தட்டு இருக்கும் துளையில் வேர்னியரை வை. மேல்மூடியான டாஷ்பொட்டை வைத்து வகை சொல்வோரும் உண்டு. அது கழன்று மாறக்கூடிய பாகம். அதுவும் உள்ளே ஏறியிறங்கும் பிஸ்டனும் சோடி பொருத்திச் செய்தவை, ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் பிஸ்டன் இறுகும் அல்லது காற்று ஒழுகும்.

இவ்வளவும் சொன்னால் கராஜில் மூத்தவர் ஒருவர், "பேர் எதற்குத் தம்பி, வண்டி ஓடுகிறதே" என்பார். எளிதில் தள்ளக்கூடிய வாதமல்ல இது, எஸ்.யூ. உண்மையிலேயே பொறுமையான காபரேட்டர். பிஸ்டனிலிருந்து ஜெட்டுக்குள் இறங்கும் ஊசி பிழையானதாக இருந்தாலும், ஜெட் நட்டைத் திருகி ஐட்லிங்கை அழகாக நிறுத்திவிடலாம். ஆனால் அந்த நட்டு ஊசியின் சரிவை மாற்றாது. பிஸ்டன் மேலே எழும்போது ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு வருகிறது. அங்கே எவ்வளவு பெற்றோல் போகும் என்பதை ஊசியே தீர்மானிக்கும். ஆகவே உடலின் பெயரோடு வேலை முடியவில்லை. பிஸ்டனின் பக்கத்துத் திருகாணியைத் தளர்த்தி ஊசியை உருவு, தண்டில் எழுத்து பொறித்திருக்கும். 948க்கு எம், 1098க்கு ஏஎன் வழமையானவை. எழுத்து அழிந்திருந்தால் எட்டிலொரு அங்குலத்துக்கு ஒருமுறை மைக்ரோமீற்றரால் அளந்து, எஸ்.யூ. ஊசி அட்டவணையோடு ஒப்பிடு. தேய்ந்த ஊசி, மெல்லிய ஊசியின் அளவையே காட்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அந்த அளவை நம்பாதே.

மலைநாட்டில் இன்னொரு சிக்கல். உயரம் கூடக் காற்று ஐதாகும், கலவை தானாகவே பெற்றோல் கூடியதாகும். கண்டியின் சுமார் 500 மீற்றரில் இது மிகச் சிறிது. நுவரெலியாவின் 1,868 மீற்றரில் கிட்டத்தட்டப் பத்திலொரு பங்கு. பெற்றோல் குறைவாக விடும் பிழையான ஊசி றம்பொடைக்கு மேலே நன்றாகவே ஓடும். அதே கார் கொழும்புக்கு இறங்கினால் கலவை வறண்டு எஞ்சின் சூடேறும், வால்வு கருகும். எனவே நீ அடையாளம் கண்ட காபரேட்டரை மேட்டில் மட்டும் சோதித்து வாடிக்கையாளரிடம் கொடுக்காதே. கடுகண்ணாவ இறங்கி, வரக்காப்பொலையும் தாண்டி, சமதரையில் வேகம் பிடித்து ஓடு. கிளட்ச்சை மிதித்தபடி சாவியை அணைத்து ஓரமாக நிறுத்து. ப்ளக்கைக் கழற்றிப் பார். மங்கல் பழுப்பாக இருந்தால் திரும்பி வா. வெளுத்திருந்தால் அட்டவணையைத் திரும்ப எடு.

அன்புடன்,
உன் அண்ணன்